வேலை நாள் இரவுக்கு நோன்புக் கஞ்சி: ஒரே குக்கரில் முழுச் சாப்பாடு

வேலை முடிந்து ஏழு, ஏழரைக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று அடுப்படியில் நிற்கத் தெம்பு இருப்பதில்லை. அப்போதுதான் பலருக்கும் "சூப் வைத்துவிடலாமே" என்று தோன்றும். காய்கறியை வேகவைத்து, கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவிக் குடித்துவிட்டுப் படுத்தால் பத்து மணிக்கு வயிறு மறுபடி கேட்கும், பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போவோம். மாவு கரைத்துக் கெட்டியாக்கிய சூப் பார்க்கத்தான் கெட்டி, பசி தாங்காது. பசி தாங்க வேண்டும் என்றால் அந்தக் கெட்டித்தன்மை அரிசியிலிருந்தும் பருப்பிலிருந்தும் வர வேண்டும். இந்த இரண்டையும் கறியோடும் காயோடும் ஒரே பாத்திரத்தில் குழைய வைக்கிற அருமையான சூப் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது, அதுதான் நோன்புக் கஞ்சி.

ரமலான் மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் மதியமே பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். மாலை நேர அஸர் தொழுகை சமயத்தில் தூக்குவாளியோடு ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வாளி போகும். இந்தக் கஞ்சிக்காகவே தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. இலங்கையிலும் இந்த வழக்கம் உண்டு. கடல் தாண்டிப் போன நம்மவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததால் அங்குள்ள பழைய இந்திய முஸ்லிம் பள்ளிவாசல்களிலும் நோன்பு மாதத்தில் கஞ்சி உண்டு. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த வயிற்றுக்குச் சட்டென்று தெம்பு கொடுக்க வேண்டும், தாகமும் தணிய வேண்டும், கனமாகவும் உட்காரக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வதால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. களைத்து வீடு திரும்பும் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கும் நமக்கு வேண்டியது இதுதானே? வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் இதை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கீழே சொல்வது நாலு பேருக்கான அளவு. 5 லிட்டர் குக்கர் தாராளம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் அதில் நீங்கள் கையை ஆட்டிக்கொண்டு நிற்பது பாதி நேரம்தான். மீதி நேரத்தை குக்கர் பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

பச்சரிசி நொய் (உடைந்த அரிசி) முக்கால் கப், பாசிப்பருப்பு கால் கப், வெந்தயம் முக்கால் தேக்கரண்டி. கஞ்சியின் உடம்பு இவை மூன்றும்தான். (இந்தக் குறிப்பில் கப் என்றால் 200 மில்லி. உங்கள் வீட்டு டம்ளர் எதுவாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்தால் போதும்.)

கொத்துக்கறி 150 கிராம். ஆட்டுக்கறியாக இருந்தால் சிறப்பு, கோழியும் ஆகும். கறிக்கடையில் கொத்தச் சொல்லும்போது கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள், கஞ்சியின் வாசனையில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது.

தாளிக்க எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி, ஒரு அங்குலப் பட்டை, கிராம்பு 3, ஏலக்காய் 2. அப்புறம் பெரிய வெங்காயம் 1, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் 3, நடுத்தரத் தக்காளி 2, பொடியாக நறுக்கிய கேரட் 1, புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி. மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு.

தண்ணீர் 7 கப், கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் கப், எலுமிச்சை அரை மூடி.

இதில் விடக்கூடாதவை என்று கேட்டால் வெந்தயம், புதினா, தேங்காய்ப்பால் மூன்றையும் சொல்வேன். கறி இல்லாமலும் கஞ்சி உண்டு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது மசாலா போட்ட அரிசிக் கஞ்சியாக நின்றுவிடும். வெந்தயத்தை வெறும் வாசனைக்கு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அதற்குள் ஒரு பசை இருக்கிறது, தண்ணீரில் வேகும்போது அது வெளியே வந்து கஞ்சிக்கு வழுவழுப்பைக் கொடுக்கும். அரிசியும் தண்ணீரும் பிரிந்து நிற்காமல் ஒன்றாக ஓடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

விடுமுறை நாளில் அரை மணி நேரம்

வார நாளில் இது சுலபமா கஷ்டமா என்பது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன செய்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று வேலைதான்.

முதல் வேலை, கஞ்சிக் கலவை. பச்சரிசி 3 கப், பாசிப்பருப்பு 1 கப், வெந்தயம் 3 தேக்கரண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பை மட்டும் வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுங்கள், சிவக்க வேண்டாம். பச்சரிசியை மிக்ஸியில் போட்டு, ஒரு நேரம் ஒரு கப் வீதம், விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் ஒரு அரிசி இரண்டு மூன்றாக உடையும், அவ்வளவு போதும். ரவை மாதிரி ஆகிவிட்டால் கஞ்சி கூழாகிவிடும், வாயில் எதுவும் தட்டுப்படாது. அரிசிக் கடையில் நொய் என்று கேட்டாலே உடைந்த அரிசி கிடைக்கும், முழு அரிசியைவிட விலையும் குறைவு, ஆனால் கல், தூசி பார்த்துப் புடைத்து எடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் பாருங்கள், உடைந்த அரிசியைத் தனிப் பையாகவே விற்பார்கள். மல்லிகை அரிசி நொய்யில் கஞ்சி மிக நன்றாகக் குழையும். பருப்பு நன்றாக ஆறிய பிறகு மூன்றையும் கலந்து ஈரமில்லாத டப்பாவில் அடைத்துவிட்டால், இந்த அளவு நாலு முறைக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு கப்.

வெந்தயத்தை மட்டும் வறுக்காதீர்கள். பச்சையாகவே சேருங்கள். வறுபட்டு நிறம் மாறிய வெந்தயம் இத்தனை தண்ணீரில் கசப்பை இறக்கிவிடும், அந்தக் கசப்பைப் பிறகு எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

இரண்டாவது, இஞ்சி பூண்டு விழுது. இரண்டையும் சம அளவு எடுத்து, கொஞ்சம் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, தண்ணீர் சேர்க்காமல் அரைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசரில் வையுங்கள்.

மூன்றாவது, கறி. கொத்துக்கறியை 150 கிராம் வீதம் பிரித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, உருண்டையாக விடாமல் கையால் அழுத்தித் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் ராத்திரி சமைக்க எடுக்கும்போது உருண்டையின் நடுப்பகுதி இன்னும் கல்லாக இருக்கும், அதை உடைத்துக்கொண்டு நிற்கவே நேரம் போகும். தட்டையாக இருந்தால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுப் போனால் போதும், நீங்கள் திரும்பி வரும்போது சமைக்கத் தயாராக இருக்கும். வெளியே மேடையில் எடுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் கெட்டுவிடும்.

இனி அடுப்படிக்கு

வீட்டுக்குள் நுழைந்ததும், முகம் கழுவப் போகும் முன்பே, கலவையிலிருந்து ஒரு கப் எடுத்து இரண்டு தண்ணீரில் கழுவி, மூழ்கும்வரை தண்ணீர் விட்டு ஊற வைத்துவிடுங்கள். தாளிப்பு முடிகிற வரைக்கும் ஊறினாலே நொய்க்கும் பாசிப்பருப்புக்கும் போதுமானது.

குக்கரை மிதமான தீயில் வைத்து எண்ணெயும் நெய்யும் விட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் போடுங்கள். ஏலக்காயை லேசாகத் தட்டிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் எண்ணெயில் வெடிக்கும். வாசம் எழும்பியதும் நீளமாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும். இது பிரியாணி இல்லை, வெங்காயம் சிவந்து கருகலாக வேண்டியதில்லை. கண்ணாடிபோல் ஆகி ஓரம் மட்டும் லேசாக நிறம் மாறினால் சரி. ரொம்பச் சிவக்க விட்டால் கஞ்சியின் நிறமே பழுப்பாகிவிடும், நோன்புக் கஞ்சிக்குரிய அந்த இளமஞ்சள் நிறம் வராது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் வெங்காயம் சீக்கிரம் வதங்கும்.

அடுத்து இஞ்சி பூண்டு விழுது. இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தீயைக் குறைத்து, அடியில் ஒட்டாமல் கிளறிக்கொண்டே இரண்டு நிமிஷமாவது வதக்குங்கள். பச்சை வாசனை போனதா என்று மூக்கைக் கேளுங்கள், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். விசில் வந்து வேகும்போது சரியாகிவிடும் என்று நினைத்து விட்டால் ஆகாது. தண்ணீருக்குள் போனபிறகு பச்சைப் பூண்டின் காட்டம் போகாது, கடைசி வாய் வரைக்கும் நாக்கில் நிற்கும். விழுது அடியில் பிடிக்கப் பார்த்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டு வதக்கலாம்.

இப்போது புதினா, மல்லியில் பாதியைப் போட்டுச் சுருளவிட்டு, நறுக்கிய தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துத் தக்காளி குழைந்து ஓரத்தில் எண்ணெய் தெரிகிறவரை வதக்குங்கள். மீதிப் பாதித் தழை கடைசிக்கு. ஒரே தழையை ஏன் இரண்டு முறை போட வேண்டும் என்றால், எண்ணெயில் வதங்கிய புதினா கஞ்சி முழுக்கப் பரவும், கடைசியில் தூவுகிற புதினா கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போது மூக்கில் ஏறும். இரண்டும் வேறு வேறு வாசனை.

தக்காளி குழைந்ததும் கொத்துக்கறி. போட்ட உடனே கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி உடைத்து உடைத்துக் கிளறுங்கள். கறி உதிரியாகி, சிவப்பு போய், அது விட்ட தண்ணீர் வற்றுகிறவரை இதைச் செய்ய வேண்டும், நாலைந்து நிமிஷம் ஆகும். உடைக்காமல் தண்ணீரை ஊற்றிவிட்டால் கறி கட்டி கட்டியாக இறுகிவிடும், ஒருவர் கிண்ணத்தில் பெரிய உருண்டையும் இன்னொருவர் கிண்ணத்தில் வெறும் கஞ்சியும் விழும். 150 கிராம் கறி நாலு பேருக்குப் போதுகிறது என்றால் அது ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் வருகிற மாதிரி உதிர்ந்திருப்பதால்தான்.

கேரட்டைச் சேர்த்து ஒரு கிளறு கிளறி, 6 கப் தண்ணீர் ஊற்றுங்கள். மீதி ஒரு கப் பிறகு வேண்டும். மரக்கரண்டியால் குக்கரின் அடியைச் சுற்றிலும் சுரண்டி, ஒட்டியிருக்கும் மசாலாவை எல்லாம் தண்ணீருக்குள் கொண்டு வந்துவிடுங்கள், ருசியும் அங்கேதான் இருக்கிறது, அடிப்பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, ஊறிய கலவையை வடித்துப் போட்டு ஒரு முறை அடியோடு கிளறுங்கள். கொதிக்காத தண்ணீரில் நொய்யைப் போட்டால் அது நேராகப் போய் அடியில் படிந்து, கொதி வருவதற்குள் பிடிக்க ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்தக் கொதியே அதை அலைய வைக்கும்.

மூடுமுன் ஒரு பார்வை. குக்கரில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கக்கூடாது. அரிசியும் பருப்பும் வேகும்போது நுரைத்து மேலேறும், இடம் இல்லாவிட்டால் அது வெயிட் உட்காரும் துளைக்குள் புகுந்து அடைக்கும். 5 லிட்டர் குக்கரில் இந்த அளவு பாதிக்குள் அடங்கிவிடும். உங்களிடம் 3 லிட்டர்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் பாதி அளவில் செய்யுங்கள், அல்லது தண்ணீரை 4 கப்பாகக் குறைத்து வேகவைத்து மீதியைத் திறந்த பிறகு கொதிக்கக் கொதிக்கச் சேருங்கள். அதிலும் பாதிக்கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிதமான தீயில் முதல் விசில் வந்ததும் தீயை முழுவதும் குறைத்து 10 நிமிஷம். எத்தனை விசில் என்று கேட்பவர்களுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு குக்கர் நிமிஷத்துக்கு ஒன்று கத்தும், இன்னொன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறித் தண்ணீரின் சூடு 120 டிகிரியை ஒட்டிப் போவதால்தான் சீக்கிரம் வேகிறது, அந்தச் சூடு எத்தனை நிமிஷம் நின்றது என்பதுதான் கணக்கு. தீ குறைவாக இருந்தால் விசில் வராமல்கூட வெந்துவிடும்.

அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கிவிடவோ, குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் திறக்கவோ கூடாது. சோறு, பருப்புக்கு அவசரத்தில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கஞ்சிக்கு வேண்டவே வேண்டாம். கெட்டியான கஞ்சி உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவியைச் சட்டென்று விட்டால் கஞ்சியும் சேர்ந்து பீய்ச்சிக்கொண்டு வந்து கையிலும் முகத்திலும் படும். தானாக ஆவி அடங்கப் பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்திலும் அது வெந்துகொண்டுதான் இருக்கிறது, வீண் போவதில்லை.

குக்கர் வேலை செய்யும்போது

தீயைக் குறைத்ததிலிருந்து திறப்பதுவரை இருபது நிமிஷம் உங்கள் கையில் இருக்கிறது. தேங்காய்ப்பாலும் துவையலும் அதில் முடியும்.

அரைத் தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முக்கால் கப் கெட்டிப்பால் வரும். அதே சக்கையில் இன்னொரு கப் தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கஞ்சியைத் தளர்த்தத் தனியாக வைத்த ஒரு கப் தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றலாம். தேங்காய் துருவ நேரமில்லை என்றால் பெட்டியில் வரும் பாலும் சரி, பொடியும் சரி, ருசி கொஞ்சம் குறையும் என்றாலும் தேங்காய்ப்பாலே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

துவையலுக்கு அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு கைப்பிடி புதினா, பச்சை மிளகாய் இரண்டு, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். கஞ்சி சாதுவானது, பக்கத்தில் காரமும் புளிப்புமாக ஒன்று இருந்தால்தான் இரண்டாவது கிண்ணம் கேட்கத் தோன்றும். நோன்பு மாதத்தில் வடை, சமோசா என்று பொரித்தது எதாவது கூடவே இருக்கும். வார நாளில் வழியில் கடையில் சூடாகக் கிடைத்தால் நாலு பருப்பு வடை வாங்கி வாருங்கள், கிடைக்காவிட்டால் அப்பளத்தைத் தீயில் சுட்டுவிடுங்கள், அவித்த முட்டையும் நன்றாகச் சேரும்.

திறந்த பிறகுதான் கஞ்சி ஆகிறது

மூடியைத் திறந்ததும் பார்த்தால் மேலே கொஞ்சம் தண்ணீரும் கீழே குழைந்த நொய்யுமாகப் பிரிந்து நிற்கும், கறி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பயப்பட வேண்டாம். மத்தாலோ கரண்டியின் பின்பக்கத்தாலோ ஓரத்தில் அழுத்திப் பத்துப் பதினைந்து முறை கடையுங்கள். நொய்யில் பாதி கரைந்து பாதி மணியாக நிற்க வேண்டும், அதுதான் பதம். மிக்ஸியில் போட்டு அடிப்பது, கை பிளெண்டரை விடுவது எல்லாம் வேண்டாம், கறியும் கேரட்டும் அரைந்து பசையாகிவிடும்.

இப்போது எடுத்து வைத்த ஒரு கப் வெந்நீரையோ இரண்டாம் பாலையோ ஊற்றி ஒரு கொதி விடுங்கள். பிறகு தீயை மிகக் குறைத்து, கெட்டிப்பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வரத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கெட்டிப்பாலைக் கொதிக்க விட்டால் திரிந்து, மேலே எண்ணெயும் உள்ளே துகள் துகளாகவும் பிரியும். சாப்பிடக் கெடுதல் இல்லை, ஆனால் அந்த வெண்ணெய் போன்ற வழுவழுப்பு போய்விடும்.

அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு, மீதிப் புதினா மல்லி. எலுமிச்சையை முதலில் பாதி அளவு பிழிந்து, கலந்து, ருசி பாருங்கள். தக்காளி புளிப்பாக இருந்திருந்தால் அதுவே போதும். உப்பையும் இப்போதுதான் சரிபார்க்க வேண்டும், தேங்காய்ப்பால் சேர்ந்ததும் உப்பும் காரமும் மட்டுப்படும், அதற்கு முன் பார்த்துச் சரி என்று விட்டது இப்போது சப்பென்று இருக்கலாம்.

பதத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுப்பில் இருக்கும்போது உங்களுக்குப் பிடித்த பதத்தைவிட ஒரு படி தண்ணியாகவே இறக்குங்கள். ஆற ஆற அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து இறுகும், பத்து நிமிஷத்தில் பதமே மாறிவிடும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தடங்கல் இல்லாமல் வழிந்து ஓட வேண்டும், சொத்தென்று விழுந்தால் இன்னும் அரை கப் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிற பதம் ஒன்று, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிற பதம் ஒன்று. ராத்திரிச் சாப்பாடாக வைக்கும்போது இரண்டுக்கும் நடுவில் நிற்பது எனக்குப் பிடிக்கும்.

குக்கர் இல்லாதவர்களும், வேறு பாத்திரம் வைத்திருப்பவர்களும்

அடி கனமான பாத்திரத்தில் செய்தால் ருசி ஒரு படி கூடத்தான் இருக்கும், நேரமும் கூடும். தண்ணீரை 9 கப்பாக வையுங்கள், கொதித்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அடியைத் தொட்டுக் கிளறி 45 நிமிஷம். இந்த முறையில் தக்காளியைக் குறைத்துப் போடுவது நல்லது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு கரைய நேரம் எடுக்கும், குக்கரின் சூட்டில் இது தெரியாது, திறந்த பாத்திரத்தில் தெரியும். சில ஊர்களின் உப்புத் தண்ணீரிலும் இதே சிக்கல் உண்டு, அங்கே குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைச் சமைக்கவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள் வதக்கும் பகுதியை அதிலேயே செய்து, அதிக அழுத்தத்தில் 10 நிமிஷம் வைத்து, ஆவியைத் தானாக அடங்க விடுங்கள். அடியைச் சுரண்டாமல் மூடினால் அது கருகல் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், எனவே சுரண்டுகிற வேலையை அதில் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

கறி வேண்டாம் என்றால்

கறிக்குப் பதில் பொடியாக நறுக்கிய காளான் 200 கிராம் போட்டால் அருமையாக இருக்கும். கறியைப் போலவே தண்ணீர் வற்றும்வரை வதக்க வேண்டும். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டுப் போடுவதும் நன்றாக வரும். வெறும் காய்கறி என்றால் கேரட்டோடு பீன்ஸ், பட்டாணி சேர்த்து, பாசிப்பருப்பைக் கால் கப்பிலிருந்து அரை கப்பாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பசி தாங்குகிற சங்கதியே போய்விடும். முட்டைக்கோஸ் மட்டும் போடாதீர்கள், குக்கருக்குள் அதன் வாசனை எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

இறால் போடுகிறவர்கள் அதைக் குக்கருக்குள் அடைக்க வேண்டாம், ரப்பராகிவிடும். கஞ்சியைக் கடைந்து வெந்நீர் ஊற்றிக் கொதிக்க விடும்போது சுத்தம் செய்த சின்ன இறாலைப் போட்டு மூன்று நிமிஷம் வேகவிட்டு, அதன்பின் தேங்காய்ப்பால்.

அரிசிக்குப் பதில் சாமையோ வரகோ அதே அளவில் போடலாம், உடைக்க வேண்டியதில்லை. பாசிப்பருப்பு தீர்ந்துபோனால் மைசூர்ப் பருப்பு சரியான மாற்று, அதைவிடவும் சீக்கிரம் கரையும். துவரம்பருப்பு போட்டால் சாம்பார் வாசனைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அது எனக்குப் பிடிப்பதில்லை.

அடிப்பிடித்தால், மிஞ்சினால்

திறக்கும்போதே லேசான கருகல் வாசனை வந்தால் கரண்டியை அடிவரை விடாதீர்கள். மேலே இருக்கும் கஞ்சியை மட்டும் மெதுவாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அங்கே தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேர்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உப்பு கூடிவிட்டால் கால் கப் நொய்யைத் தனியாக உப்பில்லாமல் குழைய வேகவைத்துச் சேருங்கள். காரம் கூடினால் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால்.

மறுநாளைக்கும் சேர்த்துச் செய்கிறவர்கள் தேங்காய்ப்பால் சேர்ப்பதற்கு முன்பே அந்தப் பங்கை எடுத்துவிடுங்கள். குக்கரிலேயே விட்டு மூடி வைக்காமல், அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கிக்கொண்டு, சமைத்தது வெதுவெதுப்பாகவே கிடக்கும்போது பெருகத் தொடங்கும். ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் கிடந்த கஞ்சியைக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடுவது ஆபத்து, அந்தக் கிருமி விடும் நச்சில் ஒரு வகை மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. முறையாக ஃப்ரிட்ஜில் வைத்தது மறுநாள் கட்டியாக, கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகியிருக்கும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு கப் கஞ்சிக்கு அரை கப் தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து, அதில் இந்தக் கட்டியை உடைத்துப் போட்டுக் கிளறிக் கிளறி நன்றாகக் கொதிக்க விட்டு, அதன்பின் தேங்காய்ப்பாலைச் சேர்த்து இறக்குங்கள். எலுமிச்சையும் புதினாவும் அன்றைக்குப் புதிதாகப் போட வேண்டும்.